மகேந்திரகிரியும் கூடங்குளமும்: தடைச் சட்டங்களின் தெற்கத்தித் தடம்

ஒரு நாடு இன்னொரு நாட்டின் அரசையோ அதன் தலைவர்களையோ படை அனுப்பாமல் பணியவைக்க முனையும்போது கையில் எடுக்கும் ஆயுதம் பொருளாதாரத் தடை. கடனை நிறுத்துவது, குறிப்பிட்ட பொருள்களின் ஏற்றுமதியைத் தடுப்பது, வங்கிப் பரிமாற்றங்களை முடக்குவது, தலைவர்களின் சொத்துகளை உறையவைத்து அவர்களுக்கு விசா மறுப்பது என அதற்குப் பல வடிவங்கள் உண்டு. இவற்றுள் பல அமெரிக்காவில் நிர்வாகத்தின் விருப்பத்துக்கு விடப்படுவதில்லை. நாடாளுமன்றமான காங்கிரஸ் இயற்றும் சட்டமே எந்தக் குற்றத்துக்கு எந்தத் தண்டனை என்று முன்கூட்டி எழுதி வைத்துவிடுகிறது. அப்படி எழுதப்பட்ட சட்டங்கள் எங்கே போய் விழுகின்றன, விழுந்த இடத்தில் எதை நிறுத்துகின்றன, எதை நிறுத்த முடியாமல் போகின்றன என்று பார்க்க விரும்புவோருக்குத் திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியைவிடப் பொருத்தமான இடம் இந்தியாவில் அதிகம் இல்லை. தாமிரபரணிப் பாசனம் எட்டாத அந்த வறண்ட தெற்குப் பகுதியில், பணகுடி, காவல்கிணறு பக்கம் மலையடிவாரத்தில் மகேந்திரகிரி விண்வெளி உந்துவிசை வளாகமும், அங்கிருந்து கிழக்கே கடலோரத்தில் கூடங்குளம் அணுமின் நிலையமும் உள்ளன. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அமெரிக்கத் தடைச் சட்டங்களின் வாசகங்கள் ஏதாவதொரு வகையில் இவ்விரு இடங்களையும் தொட்டுக்கொண்டே வந்திருக்கின்றன.

மகேந்திரகிரியின் கதை 1991 ஜனவரியில் தொடங்குகிறது. இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமான இஸ்ரோ, அன்றைய சோவியத் ஒன்றியத்தின் கிளாவ்காஸ்மாஸ் அமைப்புடன் கிரையோஜெனிக் எஞ்சின்களையும் அவற்றைச் செய்யும் தொழில்நுட்பத்தையும் வாங்க ஒப்பந்தம் செய்துகொண்டது. கிரையோஜெனிக் எஞ்சின் என்பது மைனஸ் 253 டிகிரி செல்சியஸில் திரவமாக இருக்கும் ஹைட்ரஜனையும் மைனஸ் 183 டிகிரியில் திரவமாக இருக்கும் ஆக்சிஜனையும் எரித்து இயங்குவது. குறைந்த எரிபொருளில் கூடுதல் உந்துவிசை தருவதால், கனமான தகவல்தொடர்புச் செயற்கைக்கோள்களை 36,000 கிலோமீட்டர் உயரத்துக்கு அனுப்பும் ராக்கெட்டின் மேல் அடுக்குக்கு அதுவே ஏற்றது. அமெரிக்க நிறுவனமான ஜெனரல் டைனமிக்ஸும் ஐரோப்பாவின் ஏரியன்ஸ்பேஸும் இதே எஞ்சினை விற்க முன்வந்திருந்தன. அவர்கள் சொன்ன விலை கட்டுபடியாகவில்லை, தொழில்நுட்பத்தையும் சேர்த்துத் தர அவர்களுக்கு மனமில்லை. சோவியத் தரப்பு இரண்டையும் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொன்னது.

இந்த ஒப்பந்தத்தின்மீது பாய்ந்தது அதற்குச் சற்று முன்புதான் புதிதாகச் சேர்க்கப்பட்ட ஒரு சட்டப் பிரிவு. 1987-இல் ஏழு தொழில்வள நாடுகள் சேர்ந்து ‘ஏவுகணைத் தொழில்நுட்பக் கட்டுப்பாட்டு ஏற்பாடு’ என்ற ஒன்றை அமைத்தன. அது ஓர் உடன்படிக்கையன்று. எந்த நாடும் அதில் கையெழுத்திட்டுக் கட்டுப்பட வேண்டியதில்லை. ஆனால் 1990-இன் இறுதியில் அமெரிக்க காங்கிரஸ் தன் ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைத் திருத்தி, அந்த ஏற்பாட்டின் பட்டியலில் உள்ள பொருளை விற்கும் அயல்நாட்டு அமைப்பையும் வாங்கும் அமைப்பையும் அமெரிக்காவே தண்டிக்கலாம் என்று எழுதிக்கொண்டது. இந்தியாவும் சோவியத் ஒன்றியமும் அன்று அந்த ஏற்பாட்டில் உறுப்பு நாடுகள் அல்ல. தாங்கள் சேராத ஒரு சங்கத்தின் விதியை மீறியதற்காக, தாங்கள் வாக்களிக்காத ஒரு நாடாளுமன்றத்தின் சட்டப்படி, 1992 மே மாதம் இஸ்ரோவும் கிளாவ்காஸ்மாஸும் இரண்டாண்டுத் தடைக்கு உள்ளாயின. எரிபொருள் நிரப்பவே நெடுநேரம் பிடிக்கும் கிரையோஜெனிக் எஞ்சின் அவசரத்துக்கு ஏவ வேண்டிய ஏவுகணைக்கு உதவாது என்று இந்தியத் தரப்பு விளக்கிச் சொன்னது வாஷிங்டனில் எடுபடவில்லை. தன் நாட்டு நிறுவனம் விற்க முன்வந்தபோது கண்ணில் படாத ஆபத்து, வேறொருவர் விற்றபோது மட்டும் எப்படித் தெரிந்தது என்ற கேள்விக்கு நேர்மையான பதில் கிடைக்கவே இல்லை.

தடை இஸ்ரோவை நேரடியாகப் பெரிதும் வாட்டவில்லை, விற்பவரைத்தான் வளைத்தது. சோவியத் ஒன்றியம் சிதறி, புதிய ரஷ்யா அமெரிக்க உதவியை எதிர்பார்த்திருந்த காலம் அது. அன்று செனட்டராக இருந்த ஜோ பைடன், ரஷ்யாவுக்கான உதவியை இந்த எஞ்சின் விற்பனையோடு முடிச்சுப் போடும் திருத்தம் ஒன்றை 1992-இல் முன்மொழிந்தார். 1993 ஜூலையில் ரஷ்யா இறங்கி வந்தது. எஞ்சின்களை விற்கலாம், செய்யும் வித்தையைத் தரக்கூடாது என்பது சமரசம். முடிவில் இந்தியாவுக்குக் கிடைத்தவை ஏழு எஞ்சின் அடுக்குகள். அவற்றின் செய்முறை கிடைக்கவில்லை. தடைச் சட்டங்களைப் பற்றி எழுதுவோர் பலரும் கவனிக்காமல் விடும் நுட்பம் இது: சட்டம் யாரைப் பெயர் சொல்லித் தண்டிக்கிறதோ அவரைவிட, அவருக்கு விற்க நினைக்கும் மூன்றாவது ஆளின் பலவீனத்தில்தான் அது வேலை செய்கிறது.

அதன்பின் மகேந்திரகிரியில் நடந்ததைச் சற்று அருகில் நின்று பார்க்கலாம். 1994-இல் சொந்தக் கிரையோஜெனிக் மேல் அடுக்குத் திட்டம் தொடங்கப்பட்டது. ஹைட்ரஜன் கசிந்தால் கண்ணுக்குத் தெரியாது. காற்றில் கலந்தால் சிறு பொறியிலும் வெடிக்கும். மைனஸ் 253 டிகிரியில் உலோகங்களின் தன்மை மாறும், ரப்பர் அடைப்புகள் கண்ணாடிபோல நொறுங்கும், நிமிடத்துக்குப் பல்லாயிரம் சுற்றுச் சுழலும் பம்பின் ஒரு பக்கம் உறைகுளிரும் மறுபக்கம் எரிவாயுவின் வெப்பமுமாக இருக்கும். இவற்றையெல்லாம் ஏட்டில் படித்துவிட முடியும். தாங்குமா தாங்காதா என்பதைச் சோதனை மேடையில் எரித்துப் பார்த்தே அறிய முடியும். முதல் எஞ்சின் சோதனை 2000-இல் நடந்தது. முழு அடுக்கும் 2007 நவம்பர் 15 அன்று மகேந்திரகிரியில் 720 விநாடிகள் தொடர்ந்து எரிந்து தேறியது. 2010 ஏப்ரல் 15 அன்று அதைச் சுமந்து கிளம்பிய ஜி.எஸ்.எல்.வி.-டி3 தோற்றது, மேல் அடுக்கின் எரிபொருள் பம்பு கோளாறுதான் காரணமென்று கண்டறியப்பட்டது. மீண்டும் மகேந்திரகிரியில் பாகங்களைச் சோதித்து, விண்வெளியின் வெற்றிட நிலையை ஒத்த ஏற்பாட்டில் எஞ்சினை எரித்துப் பார்த்த பிறகு, 2014 ஜனவரி 5 அன்று ஜி.எஸ்.எல்.வி.-டி5 ஜிசாட்-14 செயற்கைக்கோளைச் சரியான பாதையில் சேர்த்தது. 1991-இன் ஒப்பந்தத்திலிருந்து கணக்கிட்டால் 23 ஆண்டுகள்.

இந்த 23 ஆண்டுகளை எப்படி வாசிப்பது என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. தடை விதித்ததால்தான் நாம் சொந்தக் காலில் நின்றோம் என்று பெருமையோடு சொல்வது ஒன்று. மேடைகளில் அதற்குத்தான் கைதட்டல் அதிகம். ஆனால் மகேந்திரகிரியின் முந்தைய வரலாறு அதற்கு இடம் தரவில்லை. அங்கே சோதிக்கப்பட்டு இன்றும் இந்திய ராக்கெட்டுகளின் முதுகெலும்பாக இருக்கும் ‘விகாஸ்’ எஞ்சின், 1974-இல் பிரான்சின் எஸ்.இ.பி. நிறுவனத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பயன். வைக்கிங் எஞ்சினின் செய்முறையைப் பெற்றுக்கொள்ள இந்தியா பணம் கொடுக்கவில்லை. தன் பொறியாளர்களை அனுப்பி அங்கே உழைக்க வைத்தது. கற்றவர்கள் திரும்பி வந்து இங்கே செய்தார்கள். தடையற்ற வழியில் கற்றதும் தன்னிறைவில்தான் முடிந்தது, அதுவும் விரைவாக. 1992-இன் தடை இந்தியாவுக்குத் தன்னிறைவைத் தந்தது என்பதைவிட, வந்துகொண்டிருந்த தன்னிறைவைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட்டது என்பதே பொருத்தம். தடை பயனற்றது என்று ஒரே வீச்சில் தள்ளிவிடும் மற்றொரு கட்சியும் இதையே கணக்கில் கொள்ளவேண்டும்: இந்தக் காலவிரயம்தான் அந்தச் சட்டத்தின் உண்மையான விளைச்சல். கிரையோஜெனிக் திட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த விஞ்ஞானி நம்பி நாராயணன் 1994 நவம்பரில் உளவுக் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டதும், அந்தக் குற்றச்சாட்டு பொய்யென்று சி.பி.ஐ. 1996-இல் அறிக்கை தந்ததும், உச்ச நீதிமன்றம் 2018-இல் அவருக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டதும் தெரிந்த செய்திகள். அதைத் தடையின் தொடர்ச்சியாகச் சித்திரிப்போர் உண்டு. அதற்கான சான்று பொதுவெளியில் நிறுவப்படவில்லை என்பதால் இக்கட்டுரை அந்த முடிச்சைப் போடவில்லை.

கூடங்குளம் வேறு வகையான சட்டத்தின் வழியில் வந்தது. 1974-இல் பொக்ரானில் இந்தியா முதல் அணுச் சோதனை நடத்தியதும், அதற்கு எதிர்வினையாக அணுப்பொருள் விற்கும் நாடுகள் ஒரு குழுவாகச் சேர்ந்தன, என்.எஸ்.ஜி. எனப்படும் அணுப்பொருள் வழங்கு நாடுகள் குழு அதுவே. அமெரிக்க காங்கிரஸ் 1978-இல் அணு ஆயுதப் பரவல் தடைச் சட்டத்தை இயற்றி, தன் அணு நிலையங்கள் அனைத்தையும் சர்வதேச அணுசக்தி முகமையின் கண்காணிப்புக்குத் திறந்துவிடாத நாட்டுக்கு எரிபொருள் இல்லை என்றது. 1963 ஒப்பந்தப்படி தாராப்பூர் அணுமின் நிலையத்துக்கு எரிபொருள் தருவதாக அமெரிக்கா ஏற்றிருந்த கடமை இதனால் கைவிடப்பட்டது. 1982-க்குப் பிறகு பிரான்ஸ் அந்த இடத்தை நிரப்பியது. போட்ட ஒப்பந்தத்தைப் பிந்தைய சட்டம் விழுங்கிவிடும் என்ற பாடத்தை இந்திய அதிகாரிகள் மறக்கவில்லை.

1988 நவம்பர் 20 அன்று ராஜீவ் காந்தியும் மிகயீல் கொர்பச்சேவும் கையெழுத்திட்ட கூடங்குளம் ஒப்பந்தம், சோவியத் ஒன்றியத்தோடு சேர்ந்து நின்றுபோனது. அதை உயிர்ப்பிக்க நினைத்தபோது குறுக்கே வந்தது என்.எஸ்.ஜி. 1992-இல் வகுத்த விதி. முழுமையான சர்வதேசக் கண்காணிப்பை ஏற்காத நாட்டுக்கு எந்த உறுப்பு நாடும் அணு உலை விற்கக் கூடாது என்பது அது. ரஷ்யா அதன் உறுப்பு நாடு. எங்கள் ஒப்பந்தம் 1988-இல் போட்டது, விதி அதற்குப் பிந்தியது, ஆகவே விதி இதைக் கட்டுப்படுத்தாது என்று ரஷ்யா வாதிட்டது. தாராப்பூரில் இந்தியாவுக்கு எதிராகத் திரும்பிய முன்-பின் கணக்கு, கூடங்குளத்தில் இந்தியாவுக்குச் சாதகமாக நின்றது. அமெரிக்கா ஆட்சேபித்தும் ரஷ்யா அசையவில்லை. எஞ்சின் விஷயத்தில் வளைந்த அதே ரஷ்யா உலை விஷயத்தில் வளையாததற்குக் கொள்கையைவிடத் தேவையே காரணம் என்று எண்ண இடமிருக்கிறது: ஏழு எஞ்சின்களைவிட இரண்டு அணு உலைகள் பல மடங்கு பெரிய வியாபாரம், அந்நாட்டு அணுத் தொழிலோ அப்போது வேலையின்றி வாடிக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் 1998 மே 11, 13 தேதிகளில் பொக்ரானில் இரண்டாம் முறை சோதனை நடந்தது. உடனே பாய்ந்தது 1994-இல் நிறைவேறிய ‘கிளென் திருத்தம்’. பூமியைச் சுற்றிவந்த முதல் அமெரிக்கர் என்ற பெயர் பெற்றவரும் பின்னாளில் ஒகையோ மாநில செனட்டராக ஆனவருமான ஜான் கிளென் கொண்டுவந்த சட்டம் இது. அணு ஆயுத நாடாக ஏற்கப்படாத ஒரு நாடு அணுகுண்டு வெடித்தால் அந்த அரசுக்கு மனிதாபிமான உதவி தவிர்த்த அமெரிக்க உதவி நிற்கும், ஆயுத விற்பனை நிற்கும், அரசுக் கடனும் உத்தரவாதமும் நிற்கும், உலக வங்கி போன்றவற்றில் அந்த நாட்டின் கடன் விண்ணப்பத்தை அமெரிக்கா எதிர்க்கும், அமெரிக்க வங்கிகள் அந்த அரசுக்குக் கடன் தரக்கூடாது, இருவழிப் பயனுள்ள தொழில்நுட்பம் ஏற்றுமதியாகாது. இந்தச் சட்டத்தின் விசேஷம், குடியரசுத் தலைவர் நினைத்தாலும் தளர்த்த முடியாதபடி விலக்கு வாசகமே இல்லாமல் எழுதப்பட்டது. மன்னிக்கவே முடியாத தண்டனை என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டால் எவரும் சோதனை நடத்தத் துணியமாட்டார்கள் என்பது அதை எழுதியவர்களின் கணக்கு.

அந்தக் கணக்கு இரண்டு மாதம்தான் தாங்கியது. பதிலுக்குச் சோதனை நடத்திய பாகிஸ்தானுக்கும் அதே சட்டம் பொருந்தியதால், அந்நாடு கோதுமை வாங்க ஏலம் விட்டபோது அமெரிக்க விவசாயிகள் கடன் உத்தரவாதம் இன்றிப் போட்டியிடவே முடியாத நிலை வந்தது. கோதுமை விளையும் மாநிலங்களின் உறுப்பினர்கள் கொதித்தெழ, 1998 ஜூலை 14 அன்று வேளாண் ஏற்றுமதிக்கு விலக்குத் தரும் சட்டம் கையெழுத்தானது. அக்டோபரில் செனட்டர் பிரௌன்பேக்கின் திருத்தம், மற்றப் பிரிவுகளையும் ஓராண்டுக்குத் தளர்த்தும் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவருக்கு வழங்கியது. 1999-இல் அது நிலையான அதிகாரமாயிற்று. இந்தப் பக்கம் பாரத ஸ்டேட் வங்கி 1998 ஆகஸ்டில் வெளிநாடுவாழ் இந்தியருக்கென வெளியிட்ட ‘ரிசர்ஜென்ட் இந்தியா’ பத்திரங்கள் நானூறு கோடி டாலருக்கு மேல் திரட்டின. தடைச் சட்டம் இலக்கு நாட்டின் உறுதியால் மட்டும் தோற்பதில்லை. தடை விதிக்கும் நாட்டின் வியாபாரிகளே அதற்கு முதல் எதிரிகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

கூடங்குளத்தைப் பொறுத்தவரை 1998-இல் நடந்தது இன்னும் விசித்திரமானது. பொக்ரான் சோதனை முடிந்து ஆறு வாரம்கூட ஆகாத ஜூன் 21 அன்று, புதுதில்லியில் அணுசக்தித் துறைச் செயலர் ஆர். சிதம்பரமும் ரஷ்ய அணுசக்தி அமைச்சர் யெவ்கேனி அதாமோவும் 1988 ஒப்பந்தத்தின் துணை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். உலகமே தடை பேசிக்கொண்டிருந்த அதே கோடையில் இந்தியாவுக்கான மிகப் பெரிய அணு உலை விற்பனை உறுதியானது. அமெரிக்க வணிகத் துறை தன் பங்குக்கு, உரிமம் இன்றி எதையும் விற்கக் கூடாத அமைப்புகள் என்று இந்திய அணு, விண்வெளி, பாதுகாப்பு நிறுவனங்களின் நீண்ட பட்டியலைத் தயாரித்தது. அதில் மகேந்திரகிரியை அன்று நிர்வகித்துவந்த திரவ உந்துவிசை மையமும் இருந்தது, கூடங்குளத்தின் முதல் இரு உலைகளும் இருந்தன. கூடங்குளத்தில் கட்டுமானக் கான்கிரீட் வேலை தொடங்கியதே 2002 மார்ச் 31 அன்றுதான். அமெரிக்கப் பொருள் எதையும் கேட்காத, ரஷ்ய வடிவமைப்பிலான ஒரு நிலையத்தைப் பட்டியலில் வைத்திருந்ததால் யாருக்கு என்ன பயன் என்பது புரிந்துகொள்ள முடியாததே. 2005 ஆகஸ்டில் கூடங்குளம் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. திரவ உந்துவிசை மையம் 2011 ஜனவரி வரை காத்திருந்தது. 1998-இன் பொருளாதாரத் தடைகளையோ 2001 செப்டம்பர் 22 அன்று ஜார்ஜ் புஷ் ஒரே உத்தரவில் விலக்கிவிட்டிருந்தார். நியூயார்க் கோபுரங்கள் தகர்ந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது, ஆப்கானிஸ்தான் போருக்குப் பாகிஸ்தானின் துணை தேவைப்பட்டது.

கூடங்குளத்தின் முதல் உலை 2013 ஜூலை 13 அன்று தொடர்வினையை எட்டி, அக்டோபர் 22 அன்று மின்கட்டமைப்பில் இணைந்தது. இந்தத் தாமதம் முழுவதையும் தடையின் கணக்கில் எழுதுவது தவறு. சோவியத் சிதைவு ஒரு காரணம். இடிந்தகரையில் 2011 முதல் மீனவ மக்கள் நடத்திய நீண்ட போராட்டம் மற்றொன்று. அந்தப் போராட்டம் எழுப்பிய பாதுகாப்புக் கேள்விகள் எந்த வாஷிங்டன் சட்டத்தையும் சார்ந்தவை அல்ல, அவற்றுக்கு அங்கே விடை தேடவும் முடியாது. ஆனால் மூன்றாவது உலை முதல் ஆறாவது வரையிலான விரிவாக்கத்துக்கு வழி திறந்தது, 2008 செப்டம்பர் 6 அன்று என்.எஸ்.ஜி. இந்தியாவுக்கு மட்டும் அளித்த விலக்கு என்பதில் ஐயமில்லை. 1988-இன் தேதியைச் சொல்லித் தப்பிக்க அந்த நான்கு உலைகளுக்கு வழியே இருக்கவில்லை.

கடந்த இருபதாண்டில் தடைச் சட்டங்களின் போக்கு நாடுகளிலிருந்து ஆட்களை நோக்கித் திரும்பியிருக்கிறது. ஈராக்கின்மீது 1990-களில் விதிக்கப்பட்ட முழுத் தடை குழந்தைகளையும் நோயாளிகளையும் வதைத்ததே தவிர ஆட்சியாளரை அசைக்கவில்லை என்ற விமர்சனத்துக்குப் பிறகு, தலைவர்களின் சொத்தையும் பயணத்தையும் மட்டும் குறிவைக்கும் சட்டங்கள் பெருகின. தமிழர்களுக்கு இது நெருக்கமான செய்தி. 2011 ஜூன் 8 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவையில் முதல்வர் ஜெயலலிதா கொண்டுவந்த தீர்மானம், இலங்கைமீது பொருளாதாரத் தடை விதிக்க மத்திய அரசு மற்ற நாடுகளோடு சேர்ந்து நடவடிக்கை எடுக்கவேண்டும் என்று கோரியது. அது நிறைவேறி ஐந்தாம் நாள், 1986 வரை திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதியாக இருந்த தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பயணிகள் கப்பல் சேவையை மத்தியக் கப்பல்துறை அமைச்சர் ஜி.கே. வாசன் தொடங்கி வைத்தார். சட்டப்பேரவைக்கு அதைத் தடுக்கும் அதிகாரம் இல்லை. அயலுறவும் அயல்நாட்டு வாணிகமும் அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணைப்படி மத்தியப் பட்டியலைச் சேர்ந்தவை. 2013 மார்ச் 27 அன்று பேரவை இன்னும் கடுமையான சொற்களில் மற்றொரு தீர்மானம் போட்டது. அதற்கும் அதே கதிதான்.

தில்லியே விரும்பியிருந்தாலும் அதன் கையிலிருந்த சட்டம் மிகச் சிறியது. 1947-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் பாதுகாப்புச் சபைச் சட்டம் ஒரே ஒரு காரியத்துக்காக எழுதப்பட்டது: பாதுகாப்புச் சபை விதிக்கும் தடைகளை அரசிதழ் ஆணை வழியாக இந்தியாவில் நடைமுறைப்படுத்துவது. ஓர் அயல்நாட்டுத் தலைவரின் சொத்தை இந்தியா தானாக முடிவெடுத்து முடக்க, அமெரிக்காவிலோ கனடாவிலோ உள்ளதுபோலத் தனிச் சட்டம் இங்கே இல்லை. நிறவெறிக்கு எதிராகத் தென்னாப்பிரிக்காவோடு வாணிகத்தை 1946-இலேயே துண்டித்து உலகுக்கு வழிகாட்டிய நாடு இது. ஆனால் அந்த மரபு தனிநபரைத் தண்டிக்கும் சட்டமாக வளரவில்லை. தமிழர்கள் தம் பேரவையில் கேட்டதை நிறைவேற்றியது ஒட்டாவாவும் லண்டனும்தான். கனடா 2023 ஜனவரி 10 அன்று இலங்கையின் முன்னாள் அதிபர்கள் மகிந்த ராஜபக்ச, கோத்தபய ராஜபக்ச உள்ளிட்ட நால்வர்மீது தன் சிறப்புப் பொருளாதார நடவடிக்கைச் சட்டத்தின்கீழ்த் தடை விதித்தது. பிரிட்டன் 2025 மார்ச் 24 அன்று முன்னாள் படைத்தளபதிகள் சவேந்திர சில்வா, வசந்த கரன்னகொட, ஜகத் ஜயசூரிய ஆகியோரோடு, புலிகள் இயக்கத்திலிருந்து பிரிந்து சென்ற கருணா அம்மான் எனப்படும் விநாயகமூர்த்தி முரளிதரனையும் சேர்த்து நால்வர்மீது தடை விதித்தது. இலங்கை உள்நாட்டுப் போர் முடிந்து பதினாறாவது ஆண்டு நெருங்கிய நேரத்தில் வந்த தடை இது. பெயர் சொல்லிக் குற்றம் சாட்டியது என்ற அளவில் அதன் மதிப்பு பெரிது. தண்டனை என்ற அளவில் மிகச் சிறிது.

ஆட்களைக் குறிவைக்கும் இந்தப் புதிய முறையும் கூடங்குளத்தைச் சுற்றியே வந்தது. உக்ரைன் போர் தொடங்கியபின் ரஷ்ய வங்கிகளும் எண்ணெய் நிறுவனங்களும் தடைக்கு உள்ளானபோது, கூடங்குளத்துக்கு உலையும் எரிபொருளும் தரும் ரொசாட்டம் நிறுவனம் தப்பியிருந்தது. காரணம் எளிது: அமெரிக்க அணு உலைகளே கணிசமான அளவில் ரஷ்யச் செறிவு யுரேனியத்தை நம்பியிருந்தன. 2024 மே மாதம் அந்த இறக்குமதியைத் தடுக்கும் சட்டம் வந்தபோதும், 2027 வரை விலக்குத் தர அதிலேயே இடம் வைக்கப்பட்டது. 1994-இல் கிளென் செய்த பிழையை யாரும் மறுபடி செய்யவில்லை.

2025 ஜனவரி 10 அன்று அமெரிக்கா ரொசாட்டத்தின் தலைவர் அலெக்சேய் லிகச்சோவையும் அதன் நிர்வாகக் குழுவினரையும் தடைப் பட்டியலில் சேர்த்தது. நிறுவனத்தை முழுமையாகச் சேர்க்கவில்லை. ஐந்து நாள் கழித்து, ஜனவரி 15 அன்று, பாபா அணு ஆராய்ச்சி மையம், கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம், மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை வைத்திருக்கும் இந்திய அரிய மணல் நிறுவனம் ஆகிய மூன்றையும் அதே அமெரிக்கா தன் வணிகத் துறைப் பட்டியலிலிருந்து நீக்கியது. கூடங்குளத்தில் அப்போது ரஷ்ய உதவியோடு மூன்றாவது உலை முதல் ஆறாவது உலை வரை நான்கின் கட்டுமானமும் நடந்துகொண்டிருந்தது.